முதலில் தகடு, அப்புறம் இன்ஜின்: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பழைய எம்.ஜி.பி. (எம்.ஜி. கம்பெனியின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தபோதுதான் நம்மவர்களில் இத்தனை பேருக்கு இந்தக் கார்கள் மேல் ஆசை இருக்கிறது என்று தெரிந்தது. எல்லாவற்றுக்கும் இடமில்லை, சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். விலை எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு மொத்தமாக ஒரு பதில்: ஒரே வருடம், ஒரே மாடல், ஒரே நிறம், ஆனாலும் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்தில் முக்கால்வாசி பாடித் தகட்டில்தான் இருக்கிறது. அதனால் தகட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

கே: வயது 44, ஐ.டி. வேலை. மேல்கூரை இல்லாத இரண்டு சீட் கார் ஓட்ட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. எம்.ஜி.பி., ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், ட்ரையம்ப் டி.ஆர்.6, இந்த மூன்றில் எதை வாங்கலாம்? (வாசகர், ஹாரோ)

ப: எம்.ஜி.பி. மூன்றுமே நல்ல கார்கள்தான். ஆனால் இது முதல் கார், ஸ்பேனர் பழக்கமும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

1962இலிருந்து 1980 வரை, ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் ஆபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அவ்வளவு கார் ஓடியதால் இன்றைக்கும் பிரேக் பைப்பிலிருந்து சீட் உறை வரை எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது, ராத்திரி போன் செய்து கேட்டால் ஓரிரு நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். 1988இலிருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து முழு பாடியையே புதிதாக அடித்துக் கொடுக்கிறது, இப்படி ஒரு வசதி வேறு எத்தனை பழைய கார்களுக்கு உண்டு சொல்லுங்கள். இன்ஜின் 1,798 சிசி, பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த பி-சீரிஸ் குடும்பம். நம் ஊர் அம்பாசடரில் வருடக்கணக்கில் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். அம்பாசடர் போனட்டுக்குள் எட்டிப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை, எஸ்.யூ. கார்புரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும், அவ்வளவுதான். முரடான இன்ஜின், கொஞ்சம் அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளும், புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அதுதான் வேண்டும்.

டி.ஆர்.6 மேல் எனக்கும் காதல் உண்டு. 2,498 சிசி, ஆறு சிலிண்டர், அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் பிரிட்டனில் விற்றவற்றில் கார்புரேட்டர் கிடையாது, லூகாஸ் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். சரியாக வைத்திருந்தால் அருமை, அதைத் தெரிந்தவர் கையில் கொடுக்காவிட்டால் தலைவலி. டிக்கியில் இருக்கும் பெட்ரோல் பம்ப் வெயில் நாளில் சூடேறி நடுவழியில் நிறுத்திவிடும். இரண்டாவது காராக வாங்குங்கள். ஸ்பிட்ஃபயர் பற்றிக் கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

எம்.ஜி.பி.யில் எந்த வருடம்? 1964 கடைசி வரை வந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்று மெயின் பேரிங், அதற்கப்புறம் ஐந்து, அது இன்னும் உறுதி. 1967 கடைசியில் வந்த மார்க் டூவிலிருந்துதான் முதல் கியருக்கும் சின்க்ரோ, அதாவது கியர் கரகரக்காமல் விழ உதவும் அமைப்பு. ஆகவே 1968இலிருந்து 1974க்குள் இருப்பதைத் தேடுங்கள், ஓவர்டிரைவ் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். டாப் கியரில் 70 மைல் வேகத்தில் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,900 சுற்று சுற்றும், ஓவர்டிரைவைத் தட்டினால் 3,200க்கு இறங்கிவிடும். மோட்டார்வேயில் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேச முடிவதும் முடியாமல் போவதும் இந்த ஒரு ஸ்விட்சில் இருக்கிறது.

வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, மழையில் மேல்துணி ஓரத்தில் தண்ணீர் சொட்டும். சாயங்காலம் காரைத் திருப்பிக் கொடுக்க மனசு வராவிட்டால் நீங்கள் வாங்கலாம்.

கே: கார் முடிவாகிவிட்டது. 1972 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், சிவப்பு, புது பெயின்ட், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. இன்ஜின் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிறது. சனிக்கிழமை பணம் கொடுக்கிறேன். வேறு ஏதாவது பார்க்கணுமா? (வாசகர், குரோய்டன்)

ப: சனிக்கிழமை போங்கள், பணம் மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

புது பெயின்ட் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சந்தோஷமாக வைத்திருந்த காருக்கு ஒருவர் விற்கும் நேரத்தில் எதற்குப் பெயின்ட் அடிக்கிறார்? நல்ல காரணமும் இருக்கலாம். அதை அவர் போட்டோவோடு காட்டட்டும்.

முதலில் இந்தக் கார் எப்படி நிற்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். எம்.ஜி.பி.க்குத் தனி சேசிஸ் கிடையாது. பழைய லாரி மாதிரி இரண்டு இரும்பு பீம் மேல் பாடியை உட்கார வைத்த கதை இல்லை, தகடுகளை மடித்து வெல்டு செய்த பாடிதான் எல்லா பாரத்தையும் தாங்குகிறது. அதிலும் ரோட்ஸ்டருக்கு மேலே கூரை இல்லை, எனவே முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் பெட்டி மாதிரியான பகுதி. அதற்குத்தான் சில் என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தகடு தெரியும், ஆனால் உள்ளே நடுத் தகடு, உள் தகடு, அடித் தகடு என்று இன்னும் பல இருக்கின்றன. முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு மட்கார்டின் பின் மூலையில் போய்த் தங்கும், குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பும் அதில் சேரும், ஈரம் காயாமல் உள்ளே இறங்கும். துரு உள்ளேயிருந்துதான் தின்றுகொண்டு வருகிறது. வெளித் தகட்டில் உங்கள் கண்ணுக்கு ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

ஒழுங்காகச் சரிசெய்வது பெரிய வேலை. சில் முன் மட்கார்டுக்கு உள்ளேயும் பின் மட்கார்டுக்கு உள்ளேயும் புகுந்து போகிறது, ஆகவே முன்னால் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின்னால் கீழ்ப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், வெட்டும்போது பாடி நடுவில் மடங்காமல் முட்டுக் கொடுக்க வேண்டும், அப்புறம் வெல்டிங், அப்புறம் பெயின்ட். விற்கிற அவசரத்தில் இருப்பவர் இதையெல்லாம் செய்ய மாட்டார், துருப்பிடித்த பழைய சில்லின் மேலேயே புதுத் தகடு ஒன்றை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார். ஆறு மாதத்துக்கு அழகாக இருக்கும்.

இது எனக்கே நடந்தது. நான் வாங்கிய முதல் எம்.ஜி.பி. ஜி.டி. (கூரை வைத்த மாடல்) கரும்பச்சை, உட்கார்ந்ததும் லெதர் வாசனை, விற்றவரும் டீ கொடுத்து நன்றாகப் பேசினார். நான் ஓட்டிப் பார்த்ததோடு சரி, கீழே குனியவே இல்லை. இரண்டாவது மாதம் சக்கரம் மாற்ற ஜாக்கி போட்டேன். கார் எழும்பவில்லை, ஜாக்கி மட்டும் நறநறவென்று உள்ளே ஏறியது. கதவைத் திறக்கப் போனால் இறுகிக்கொண்டு திறக்கவில்லை. தட்டிப் பார்த்தபோது சில்லுக்குள்ளிருந்து பட்டியும், கம்பி வலையும், பழைய செய்தித்தாளும் வந்தன. அந்தக் காரைச் சரிசெய்ய ஆன செலவு நான் வாங்கிய விலையைவிட அதிகம், அதற்குள் என் குடும்பம் பட்ட எரிச்சலை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போக வேண்டியது ஒரு டார்ச், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று, கீழே படுக்கப் பழைய பாய், காரில் ஆசை இல்லாத நண்பர் ஒருவர். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில்லின் கீழ்ப்பக்கம், மட்கார்டின் கீழ் மூலைகள், பின் சக்கரத்தின் வளைவு எல்லா இடத்திலும் நகர்த்துங்கள், பிடிக்காத இடத்தில் பட்டி இருக்கிறது. கதவை மூடிவிட்டு அதன் பின்பக்க இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்க வேண்டும், மேலே இறுகியும் கீழே அகன்றும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. பிறகு விற்பவரிடம் கேட்டு, அந்தக் காரின் சொந்த ஜாக்கி பாயின்டில் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லுங்கள், தூக்கிய நிலையில் யாரும் கீழே போகாமல் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். நல்ல காரில் கதவு முன்பு போலவே மூடும். ஜாக்கி வேண்டாம் என்று விற்பவர் சொன்னால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது, வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கினால் பேட்டரி மூடி இருக்கும். 1974 வரை அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரி வைத்தார்கள். ஆசிட் சிந்திச் சிந்தி அந்தப் பெட்டி அரித்திருக்கும், அதற்கு அருகில்தான் பின் ஸ்பிரிங்கின் முன்முனை பாடியோடு சேரும் இடம், டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டின் மேல்பக்கம் ஒரு பார்வை, கதவில் சின்ன முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே தகட்டில் கீறல் இருக்கிறதா என்று ஒரு பார்வை.

இன்ஜினைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அது கெட்டாலும் செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். போனவுடன் போனட் மேல் கை வையுங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார், குளிர்ந்த பிறகு திரும்பி வருகிறேன் என்று சொல்லுங்கள். நன்றாகச் சூடான பிறகு ஓட்டும்போது ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ.க்குக் குறையக்கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப்புகை வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டாவது கியரை வேகமாகக் குறைத்துப் போட்டுப் பாருங்கள், கரகரத்தால் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. கம்பிச் சக்கரம் என்றால், கிளம்பும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் பின்னாலிருந்து டக் என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், ஹப்பின் பல் தேய்ந்தால் அப்படி அடிக்கும்.

இன்னொன்று, இதைப் போவதற்கு முன்பு வீட்டிலிருந்தே செய்யலாம். நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் அரசாங்க இணையதளத்தில் பழைய எம்.ஓ.டி. சோதனைகளின் (கார் ரோட்டில் ஓடத் தகுதியா என்று வருடா வருடம் பார்ப்பது) வரலாறு இலவசமாகத் தெரியும். "சில் துருப்பிடித்திருக்கிறது" என்று பத்து வருடம் முன்பு எழுதியிருந்து, அதற்கப்புறம் வெல்டிங் பில் எதுவும் இல்லை என்றால், அந்தப் புது பெயின்ட் எதற்கு என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

கே: குரோம் பம்பர், ரப்பர் பம்பர் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். ரப்பர் பம்பர் விலை குறைவு. அதை வாங்கினால் மதிப்பு இல்லையா? (வாசகர், பர்மிங்காம்)

ப: 1974 கடைசியில் வந்த மாற்றம் அது. அமெரிக்காவில் மோதல் பாதுகாப்பு விதிகள் கடுமையானதால், அங்கே விற்பதற்காகக் கறுப்பு நிறத்தில் பருத்த பம்பரை மாட்டி, பம்பர் உயரம் சரியாக வர காரையும் ஒன்றரை அங்குலம் போலத் தூக்கினார்கள். உயரம் கூடியதும் வளைவுகளில் சாய ஆரம்பித்தது, போதாததற்கு அந்த ஆரம்ப ரோட்ஸ்டர்களில் கார் சாயாமல் பிடிக்கும் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். 1976 நடுவில் அதைத் திரும்பக் கொடுத்து, பின்னாலும் ஒன்று சேர்த்த பிறகு கார் ஓரளவு நிதானத்துக்கு வந்தது.

என் கருத்து இதுதான்: குரோம் பம்பர் அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் பணத்துக்கு அழுகிய குரோம் பம்பர் காரும், திடமான 1977 ரப்பர் பம்பர் காரும் கிடைக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுங்கள். உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகள் கிடைக்கின்றன, ஓட்டுகிறவருக்கு அந்தப் பம்பர் தெரியவும் தெரியாது. உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் 1965இல் வந்த ஜி.டி.யையும் பாருங்கள், கூரை இருப்பதால் பாடி இன்னும் உறுதி, விலையும் ரோட்ஸ்டரைவிடக் குறைவாகவே இருக்கும்.

கே: இங்கே டொரன்டோவில் பார்க்கிற எம்.ஜி.பி. எல்லாம் உப்பில் ஊறியவை. கலிஃபோர்னியாவில் துருவே இல்லாத 1977 கார் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. நம்பி வாங்கலாமா? (வாசகர், ஸ்கார்பரோ)

ப: வாங்கலாம். வறண்ட ஊர் கார் என்றால் தகடு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம், இங்கே பிரிட்டனிலும் பலர் அப்படிப்பட்ட கார்களைத் தேடிப் பிடித்துக் கப்பலில் கொண்டு வருகிறார்கள். 15 வருடத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் கனடாவுக்குள் கொண்டு வருவதில் பாதுகாப்பு விதிகளின் தொல்லையும் இல்லை.

இரண்டு விஷயம் மட்டும். வெயில் தகட்டை விட்டுவைத்தாலும் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் விட்டுவைக்காது. டாஷ்போர்டு வெடித்திருக்கும், சீட், கதவு ரப்பர், பிரேக் ஹோஸ் எல்லாம் மாற்றக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், 1975க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன எம்.ஜி.பி.யில் இரட்டை எஸ்.யூ.வுக்குப் பதில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்தான், புகைக் கட்டுப்பாட்டுக் குழாய்களும் சேர்ந்து குதிரைசக்தி அறுபது சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆரம்ப கால பிரிட்டிஷ் காரில் அது 95. சோம்பலாக ஓடுகிறதே என்று திகைக்க வேண்டாம், காரில் கோளாறு ஒன்றும் இல்லை. நீங்கள் நேரில் போக முடியாவிட்டால் அந்த ஊரில் எம்.ஜி. வைத்திருக்கும் யாரையாவது பிடித்து, மேலே குரோய்டன் வாசகருக்குச் சொன்ன சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வெறும் போட்டோவை நம்பி வாங்க வேண்டாம். உங்கள் கைக்கு வந்த பிறகு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அது கராஜை விட்டு வெளியே வரவே கூடாது.

கே: பழைய காருக்கு ரோடு வரி, எம்.ஓ.டி. இரண்டும் இல்லையாமே? லண்டனில் யூலெஸ் என்ற புகைக் கட்டணம் கட்ட வேண்டுமா? பெட்ரோல் எது போடுவது? (வாசகி, ஈஸ்ட் ஹாம்)

ப: 40 வருடம் தாண்டிய காரை "ஹிஸ்டாரிக்" வகைக்கு மாற்றினால் ரோடு வரி பூஜ்யம். தானாக மாறாது, நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த வகையில் பதிவான காருக்கு யூலெஸ் கட்டணமும் இல்லை. எம்.ஓ.டி. 2018 மே மாதத்திலிருந்து, 40 வருடம் ஆன, கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் ரோட்டில் ஓடத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையதுதான், எனவே நான் வருடா வருடம் என் காருக்கு எம்.ஓ.டி. எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். காரைத் தூக்கி நிறுத்தி, தொழில் தெரிந்த ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்கிறார், அந்தச் சின்னத் தொகைக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்?

பெட்ரோல்: 2021 செப்டம்பரிலிருந்து பங்க்கில் சாதாரணமாகக் கிடைப்பது ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். சூப்பர் என்று விற்கும் ஈ5 போடுங்கள், கூடவே பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவதை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன், தீயணைப்பான் இல்லாமல் இப்போது நான் எங்கும் போவதில்லை.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது "அக்ரீட் வேல்யூ" (காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்வது) என்று கேட்டு, தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விபத்து நடந்த பிறகு ஐம்பது வருடப் பழைய காருக்கு ஐம்பது வருடப் பழைய காரின் விலைதான் கிடைக்கும்.

கே: ஜாகுவார் ஈ-டைப் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்திருக்கிறேன். உங்கள் ஆலோசனை? (வாசகர், லெஸ்டர்)

ப: 1961இல் ஜெனீவா கண்காட்சியில் முதலில் காட்டியதிலிருந்து இன்று வரை அதன் அழகை மிஞ்சிய கார் ஒன்றை நான் பார்க்கவில்லை. வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்திருக்கிறீர்கள், வைத்திருக்கும் அளவுக்குச் சேர்த்திருக்கிறீர்களா? பின்பக்க பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, உள்ளே டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கிறது, அதைத் தொடவே நாள் கணக்கில் கூலி ஆகும். முன்னால் இன்ஜினைத் தாங்குவது குழாய்களால் ஆன ஃபிரேம், அந்தக் குழாய்கள் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஈ-டைப் மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்து ஒரு நாள் முழுக்கச் சோதனை போடாமல் கை வைக்காதீர்கள். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் காசு கட்டினால், அந்தக் கார் ஆலையை விட்டு வந்தபோது அதன் இன்ஜின் எண், நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்ற விவரங்களோடு சான்றிதழ் தருவார்கள், எம்.ஜி.காரர்களை நான் அங்கே அனுப்புவேன். ஜாகுவாருக்கும் அதே மாதிரி ஆலைப் பதிவுச் சான்றிதழ் உண்டு, விற்பவரிடம் அதைக் கேளுங்கள்.

கே: தம்பி, நான் இளம் வயதில யாழ்ப்பாணத்தில கராஜ் ஒன்றில மொறிஸ் மைனர் வேலை பழகினனான். இப்ப வயது 62. பொழுதுபோக்குக்கு ஒரு எம்.ஜி. மிட்ஜெட் வாங்க யோசிக்கிறன். சரிவருமோ? (வாசகர், வெம்ப்ளி)

ப: அண்ணை, உங்களுக்கு நான் என்ன சொல்ல இருக்கிறது! மைனரின் ஏ-சீரிஸ் இன்ஜின்தான் மிட்ஜெட்டிலும். ஸ்டீயரிங் ரேக்கும் மைனரின் வழி வந்ததுதான். போனட்டைத் திறந்ததும் உங்கள் கை தானாகவே டேப்பெட் கிளியரன்ஸ் பார்க்கப் போகும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்ததோடு மிட்ஜெட்டுக்கு ட்ரையம்பின் 1,493 சிசி இன்ஜினைப் போட்டுவிட்டார்கள். உங்களுக்குப் பழகிய இன்ஜின் வேண்டுமென்றால் அதற்கு முந்தைய 1,275 சிசி காரைப் பாருங்கள். மிட்ஜெட் எம்.ஜி.பி.யைவிட நிறையச் சின்னது. முழங்காலை மடக்கி இறங்கி உட்கார்ந்து, திரும்ப எழுந்து வெளியே வர முடிகிறதா என்று மூன்று முறை செய்து பார்த்துவிட்டு மற்ற பேச்சை ஆரம்பியுங்கள்.

கே: சென்னை மாம்பலத்தில் தாத்தாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. அப்பா அதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார். போனட்டைத் திறந்து வைத்து அதன் பக்கத்தில் அப்பா நிற்கும் போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. இப்போது என்னோடு இங்கே ரெடிங்கில் இருக்கிறார், அடுத்த வருடம் 70 வயது. அவருக்குத் தெரியாமல் ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வாங்கித் தரலாம் என்று நானும் தம்பியும் நினைக்கிறோம். (வாசகி, ரெடிங்)

ப: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

உங்கள் நினைப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று சென்னையில் வண்டலூர் பக்கம் செய்தது இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான். அந்த ஹெரால்டின் சேசிஸை நீளம் குறைத்து, அதன் மேல் இத்தாலியரான மிக்கலோட்டி வரைந்த இரண்டு சீட் பாடியை வைத்து 1962இல் கொண்டு வந்ததுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டிலும் போனட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கமாகச் சாயும், முன் சக்கரமும் இன்ஜினும் முழுசாக வெளியே தெரியும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உங்கள் போட்டோவில் அப்பா பக்கத்தில் நிற்பது அந்தப் போனட்தான்.

ஸ்பிட்ஃபயர்தான் என்றால் 1970இலிருந்து 1974 வரை வந்த மார்க் ஃபோர், 1,296 சிசி. அதற்கு முந்தையவற்றில் பின் சஸ்பென்ஷன், வளைவில் சட்டென்று பிரேக் போட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கிக் காரைச் சுழற்றிவிடும், மார்க் ஃபோரில் அதைத் திருத்தினார்கள். தனி சேசிஸ் இருக்கிறதே என்று சில்லைப் பார்க்காமல் விடாதீர்கள், ஸ்பிட்ஃபயரில் பாரத்தில் ஒரு பங்கை அதுவும் தாங்குகிறது. போனட்டைச் சாய்த்துவிட்டு, இன்ஜின் ஓடாத நிலையில், உங்கள் தம்பியை கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள், நீங்கள் இன்ஜினின் முன்னால் இருக்கும் புல்லியைப் பாருங்கள். தம்பி மிதிக்கும்போது புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் உள்ளே கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் போய்விட்டது, அந்தக் கார் வேண்டாம்.

ஆனால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். ஸ்பிட்ஃபயரில் உட்கார்ந்தால் தரை கையெட்டும் தூரத்தில் இருக்கும், 70 வயது முழங்காலுக்கு அது கஷ்டம். அதைவிட, இரண்டு பேர்தான் போகலாம். ட்ரையம்ப் ஹெரால்டையே வாங்கினால் என்ன? இங்கே 1967இலிருந்து 1971 வரை வந்த ஹெரால்டு 13/60க்கு அதே 1,296 சிசி அளவு இன்ஜின், மேல்துணி மடக்கும் கன்வெர்ட்டிபிள் மாடலும் உண்டு. நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம், பின்சீட்டில் நீங்களும் தம்பியும் உட்காரலாம், அந்தக் குட்டி வட்டத்தில் திரும்பும் ஸ்டீயரிங்கை அப்பாவின் கை மறந்திருக்காது. விலையும் ஸ்பிட்ஃபயரைப் போலத்தான் இருக்கும். ஹெரால்டில் சேசிஸ்தான் எல்லாம், ஆகவே பாயை விரித்துக் கீழே படுத்து, பின்பக்கம் டிக்கிக்கு அடியில் பக்கவாட்டில் நீளும் சட்டங்களைத் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள்.

அவருக்குத் தெரியாமல் வாங்குவதுதான் எனக்குச் சம்மதமில்லை. கார் தேடுவதில் பாதி சந்தோஷம் இருக்கிறது. மூன்று நான்கு காரைப் பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், போனட்டைச் சாய்த்தவுடன் அவர் உங்களுக்குச் சொல்லாத மாம்பலம் கதைகள் வெளியே வரும், எந்தக் கார் என்று அவர் முகத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு முதல் வேலை: முன் சக்கரம் திரும்புவதற்காகக் கீழே பித்தளையில் ட்ரனியன் என்று ஒன்று இருக்கிறது, ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும். பலர் அதில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். அதற்கு கியர் ஆயில்தான், 90 நம்பர். காய்ந்துபோனால் ஓடும்போதே முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். அப்பாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.